சந்தேகப்படுவதற்கு எத்தனை மில்லிசெகண்ட்?

குலசைக்கு, அதாவது குலசேகரன்பட்டினத்துக்கு, ராக்கெட் ஏவுதளம் வருகிறது என்றதிலிருந்து எங்கள் பக்கத்தில் யாருக்கும் வேறு பேச்சே இல்லை. நிலம் என்ன விலைக்குப் போகிறது, யாருக்கு வேலை கிடைக்கும், ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போக விடுவார்களா என்று ஆளுக்கொரு கேள்வி. தசராவுக்கு விரதமிருந்து வேஷம் கட்டுகிறவர்கள்கூட, அங்கிருந்து ஏறப்போகிற எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் 34 மீட்டர் உயரம், 120 டன் எடை என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய அன்றைக்கே சின்னதாக ஒரு ரோகிணி ராக்கெட்டையும் அங்கிருந்து விட்டுக் காட்டினார்கள். அவ்வளவுதான், ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் ஏரோஸ்பேஸ் என்று கிளம்பிவிட்டார்கள்.

நான் ராக்கெட் ஆள் இல்லை. சொந்த ஊர் கொற்கைக்குப் பக்கம். பிழைப்பு கோயம்புத்தூரில், மோட்டார்களை ஓட்டுகிற கண்ட்ரோலர் போர்டுகளுக்கு நிரல் எழுதுவது. எம்பெடட் என்றால் ஊரில் விளங்காது என்று அம்மா சுருக்கமாக "மோட்டார் கம்பெனி" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதுவும் சரிதான். ஆனால் அக்கா மகன் மூன்றாம் வருடம் இ.சி.இ. படிக்கிறான். அவனுக்கு நான்தான் ஊரிலேயே ராக்கெட்டுக்கு மிக அருகில் இருக்கிற ஆள். 2025 செப்டம்பரில் விக்ரம் 3201 சிப்பை மேடையில் காட்டிய செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் போட்டான்.

"மாமா, 180 நானோமீட்டராம்ல. எங்கிட்ட இருக்க போன்லயே நாலு நானோமீட்டர் சிப்பு. நல்ல கேமிங் லேப்டாப் பிராசஸரைத் தூக்கி உள்ள வச்சா வேல முடிஞ்சிது. எதுக்கு இத இவ்ளோ பெரிசா பேசுதாங்க?"

நியாயமான கேள்வி. விக்ரம் 3201 திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகமும் சேர்ந்து செய்த 32 பிட் பிராசஸர். அதற்கு முன் 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பறந்துகொண்டிருந்தது விக்ரம் 1601, வெறும் 16 பிட். பதினாறு பிட்டை வைத்துக்கொண்டு செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த வேலைக்கு வேகம் முதல் தேவையாக இருந்திருக்க முடியாது, இல்லையா? வெப்பம், அதிர்வு, கதிர்வீச்சு இதையெல்லாம் தாங்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒவ்வொரு வேலையும் எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவது.

இதை அவனுக்குச் சொல்லக் கொற்கைக்காரனுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தல் நடந்தது 1955 முதல் 1961 வரை. இன்றைக்குக் கடல் கொற்கையை விட்டுச் சில மைல் தள்ளிப் போய்விட்டது, முத்தும் போய்விட்டது, கதைகள் மட்டும் பாக்கி. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கீழே இறங்குவார், தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், உடன்பிறந்தவள் தாலியை நினைத்தாவது அவன் கண்ணை அங்கே இங்கே திருப்பமாட்டான் என்று கடற்கரையில் சொல்வார்கள். மச்சான் பயில்வானாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மூச்சு முடிவதற்குள் இழுத்துவிட வேண்டும், ஒவ்வொரு தடவையும். தொண்ணூற்றொன்பது தடவை கண்மூடித் திறப்பதற்குள் இழுத்துவிட்டு நூறாவது தடவை பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தால் அவருடைய சராசரி வேகத்தை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

ரியல்-டைம் என்கிறோமே, அது இவ்வளவுதான். விடை சரியாக இருந்தால் போதாது, கெடுவுக்குள் வந்தாக வேண்டும். கெடு தாண்டி வந்த சரியான விடையும் தப்பான விடைதான். எல்லாக் கெடுவும் ஒரே மாதிரி இறுக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலுக்குப் போகிற படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த ஆபத்துச் சமிக்ஞைக் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடமும் என்ன ஆபத்து என்பதும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போகும். அதில் சில நொடிகள் முன்னே பின்னே ஆனால் குடி முழுகாது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் நடுக்கடலில் உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை. இரண்டாம் தலைமுறைக் கருவியில் "கிடைத்தது" என்று பதில் திரும்பி வருகிற ஏற்பாட்டைச் சேர்த்ததற்கு அதுதான் காரணம். ராக்கெட்டின் கெடு வேறு ஜாதி. அங்கே மில்லிசெகண்ட் கணக்கு.

என் மேஜையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மோட்டார் போர்டில் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒரு சுற்று: மின்னோட்டத்தை அளக்க வேண்டும், வேகத்தைக் கணக்கிட வேண்டும், அடுத்து எவ்வளவு தள்ளுவது என்று முடிவெடுக்க வேண்டும், முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். சுற்று ஆரம்பிக்கும்போது சிப்பின் ஒரு காலை மேலே தூக்குவேன், முடியும்போது கீழே இறக்குவேன். அந்தக் காலில் ஆஸிலாஸ்கோப்பை மாட்டினால் திரையில் ஒரு மேடு தெரியும். மேட்டின் அகலம்தான் அந்தச் சுற்றுக்கு ஆன நேரம். பழைய கோடுகள் அழியாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகிற மாதிரி ஸ்கோப்பை வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லா மேடும் 300 மைக்ரோசெகண்ட் பக்கம் தடிமனாக, பிரகாசமாக விழுந்திருக்கும். வலது ஓரத்தில், ஆயிரத்தைத் தாண்டி, மங்கலாக ஒரே ஒரு கோடு கிடக்கும். நான் தேடுவது அந்த ஒரு கோட்டைத்தான். ஒருமுறை அதன் பின்னாலேயே போனதில், ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பகுதியை அழிக்கும்போது சிப் மொத்தமும் நின்று காத்திருக்கிறது என்று தெரிந்தது. எப்போதோ ஒருமுறை பதிவு எழுதும் வேலை, யாரும் அதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. கேமிங் லேப்டாப் சிப்பில் இந்த மங்கல் கோட்டுக்கான காரணங்கள் ஆயிரம் இருக்கும். கேஷ், பின்னால் ஓடும் நூறு வேலைகள், சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் குணம் என்று அடுக்கலாம். சராசரியில் அது ராஜா. மிக மோசமான ஒரு சுற்று எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் பதில் சொல்லாது.

இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கும். மருமகன் அடுத்துக் கேட்டதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம். "அப்போ டைமிங் கரெக்டா இருந்தா ராக்கெட்டு போயிருமா?" என்றான். போகாது. எல்லாம் நேரத்துக்கு நடந்தும், எழுதியபடியே நிரல் ஓடியும், தோற்ற ராக்கெட் ஒன்று நம்மிடமே இருக்கிறது. நாளைக்குக் குலசையிலிருந்து ஏறப்போகிற அதே எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம்.

2022 ஆகஸ்ட் 7, காலை 9.18. ஸ்ரீஹரிகோட்டா. மேலே ஈ.ஓ.எஸ்-02 என்ற புவி கண்காணிப்புச் செயற்கைக்கோள். கூடவே ஆசாதிசாட், நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் கைப்பட்டது, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்தது. மூன்று திட எரிபொருள் கட்டங்களும் ஒழுங்காக எரிந்தன. சேரவேண்டியது 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதை. சேர்ந்தது ஒரு பக்கம் 356, மறு பக்கம் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டம். 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. சுற்றி வருவதற்குள் இழுத்துப் போட்டுவிடும். செயற்கைக்கோள்கள் பயனற்றுப்போயின.

என்ன நடந்தது என்று இஸ்ரோ பிறகு சொன்னது. இரண்டாம் கட்டம் கழன்று விழும் நேரத்தில், கருவிகள் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்ச நேரம் கடுமையாக அதிர்ந்தது. தரையில் சோதித்தபோது கண்டதைவிட அதிகமான அதிர்வு. ராக்கெட் தான் எங்கே இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று அறிவதற்கு முடுக்கமானிகளை நம்பியிருக்கிறது. அந்த அதிர்வில் முடுக்கமானிகள் அளக்கக்கூடிய உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டன. பழுதான உணரியைக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்கென்றே உள்ளே ஒரு நிரல் உண்டு. அது பார்த்தது: இவ்வளவு நேரமாக உச்சத்திலேயே நிற்கிறதே, இது பழுது. ஒதுக்கிவிட்டது. கண்ணைக் கட்டிய பிறகு இருக்கவே இருக்கிறது மீட்பு முறை, அதாவது முன்கூட்டி ஏற்றிவைத்த கணக்கின்படி மீதிப் பயணத்தை ஓட்டுவது. ஓட்டியது. கொஞ்சம் வேகம் குறைந்தது. அந்த உயரத்தில் வட்டமாகச் சுற்ற நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதில் ஒரு சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே மறுபக்கம் 76 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்.

இதில் உணரி எதுவும் கெட்டுப்போகவில்லை. அதிர்வு அடங்கியதும் ஒழுங்காக வேலை செய்திருக்கும். நிரலிலும் பிழை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது, சொன்னபடிதான் செய்தது. தப்பு, சந்தேகப்பட எடுத்துக்கொண்ட நேரத்தில் இருந்தது.

"எவ்வளவு நேரம் பாத்துட்டுப் பழுதுன்னு சொல்லணும் மாமா?" என்றான்.

"அதத்தான்ல எல்லா ஊர்லயும் எல்லாரும் தேடிக்கிட்டு இருக்கோம்."

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு. ஒரு முடுக்கமானி உண்மையிலேயே கெட்டு, புவியீர்ப்பைப்போல் 10 மடங்கு அதிகமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 20 மில்லிசெகண்ட் நம்பினால் வேகக் கணக்கில் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பிசகும். 200 மில்லிசெகண்ட் நம்பினால் 20 மீட்டர். ஒரு நொடி முழுக்க நம்பினால் நொடிக்கு நூறு மீட்டர், அந்தப் பிசகு ஒன்றே சுற்றுப்பாதையைக் கெடுத்துவிடும். எனவே ரொம்ப நேரம் நம்பக்கூடாது. ஆனால் கட்டம் பிரிகிற அதிர்வு அடங்கச் சில பத்து மில்லிசெகண்ட் ஆகும் என்றால், அதற்கு முன்னால் அவசரப்பட்டுப் பழுது என்று சொல்லவும் கூடாது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு எண். அந்த எண் நிரலில் ஒரே வரி. அதற்குப் பின்னால் இருக்கிற வேலை முழுக்க நிரலுக்கு வெளியே நடப்பது: தட்டு எந்த அதிர்வெண்ணில் ஆடும், கழலும்போது எவ்வளவு அடி விழும், தரையில் வைத்துச் சோதித்தது வானத்தில் நடப்பதற்கு எவ்வளவு நெருக்கம்.

கல்லூரியில் சாதாரண பொத்தானை வைத்து எல்லோரும் இதைச் செய்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் உலோகம் சில மில்லிசெகண்ட் துள்ளும், ஒருமுறை அழுத்தியது பலமுறை அழுத்தியதாகத் தெரியும். அதனால் கொஞ்ச நேரம் ஒரே நிலையில் இருந்தால்தான் நம்புவது என்று ஒரு எண்ணைப் போடுவோம். எங்கிருந்தோ காப்பி அடித்த 50 என்ற எண். ஏன் 50 என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்குப் பதில் இருக்காது. அடிப்படையில் அதுவும் இதுவும் ஒரே கேள்விதான். பொத்தானில் தப்பினால் விளக்கு இரண்டுமுறை எரியும், அவ்வளவுதான்.

ஒன்றுக்கு நாலு உணரி வைத்துக்கொண்டால் என்ன என்று அடுத்துத் தோன்றும். வைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எல்லா உணரியும் ஒரே தட்டில் இருந்தால் ஒரே அதிர்வு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆட்டும். ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டியவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொன்னால் பெரும்பான்மைக் கணக்குக்கு அர்த்தமில்லை. இதன் மிகப் பிரபலமான வடிவம் ஐரோப்பாவில் நடந்தது. 1996 ஜூன் 4, ஏரியான் 5-ன் முதல் பயணம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணித்தார்கள். ஏரியான் 4-ல் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை. 5-ன் பாதை வேறு, 32,767-ஐத் தாண்டிவிட்டது. மாற்றாக இருந்த வழிகாட்டிக் கருவி முதலில் செத்தது, 72 மில்லிசெகண்ட் கழித்து முதன்மைக் கருவியும் அதே காரணத்துக்காகச் செத்தது. இரண்டிலும் ஒரே நிரல், பின் எப்படித் தப்பும்? இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கு ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டும் தேவைப்படுகிற கணக்கு. கிளம்பிய பிறகும் நாற்பது நொடி சும்மா ஓடிக்கொண்டிருந்தது, பழைய ராக்கெட்டில் அப்படி இருந்ததால். செத்த கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை முதன்மைக் கணினி உண்மையான பறத்தல் தகவல் என்று எடுத்துக்கொண்டு வளைத்தது, நாற்பது நொடிக்குள் கதை முடிந்தது.

ஐரோப்பாவுக்கு முன்னாலேயே நமக்கும் ஒன்று நடந்திருக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. 1993 செப்டம்பர் 20, பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். அங்கேயும் இரண்டாம் கட்டம் பிரியும் நேரம்தான். எதிர்பார்த்ததைவிடப் பெரிய ஆட்டம், அதைச் சரிக்கட்ட வேண்டிய கட்டுப்பாட்டு நிரலில் எண் நிரம்பி வழிந்த பிழை, செயற்கைக்கோள் கடலில். சாதாரண நாளில் அந்தப் பிழை தலைகாட்டியிருக்கவே செய்யாது. ஆட்டம் பெரிதானதால்தான் எண்ணும் பெரிதானது. கட்டம் பிரிகிற அந்த ஒரு நொடி கட்டுப்பாட்டு நிரல் எழுதுகிறவனுக்கு எமகண்டம் என்று நான் சொல்வது இதனால்தான்.

"ஏதாவது ஆச்சுன்னா ரீசெட் பண்ணிர வேண்டியதுதான?" என்றும் கேட்டான். செய்வதுண்டு. 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் இப்படித்தான் அடிக்கடி தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. அவசரமில்லாத வானிலை வேலை ஒன்று பொதுவான பூட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்க, அவசர வேலை அதற்காகக் காத்திருக்க, இடையில் நடுத்தர வேலைகள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தன. கெடு தவறியதைக் காவல் டைமர் பார்த்து மொத்தத்தையும் முதலிலிருந்து கிளப்பிவிட்டது. பூமியில் இருந்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து, பூட்டை வைத்திருப்பவனுக்குத் தற்காலிகமாக முன்னுரிமை கொடுக்கும் வசதியை இங்கிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். தரையில் அசையாமல் நின்றுகொண்டிருந்ததால் முடிந்தது. என் மோட்டாருக்கும் அந்த வசதி உண்டு. சந்தேகம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுவேன், மோட்டார் நிற்கும், தண்ணீர் வராது, போன் வரும். ராக்கெட்டுக்கு "நிறுத்து" என்கிற பாதுகாப்பான நிலையே கிடையாது. திட எரிபொருளைப் பற்றவைத்தால் எரிந்து முடிந்தால்தான் அணையும். சந்தேகம் வந்த பிறகும் ஓட்டித்தான் ஆக வேண்டும். எதை வைத்து ஓட்டுவது என்பதுதான் வடிவமைப்பு.

இரண்டாம் பயணத்துக்கு இஸ்ரோ என்ன மாற்றியது என்று பார்த்தபோது எனக்குப் பிடித்தது, நிரலை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிடாததுதான். இரண்டாம் கட்டம் கழலும் அமைப்பையே மாற்றி, அடி குறைவாக விழுகிற மாதிரி செய்தார்கள். கருவித் தட்டின் கட்டமைப்பைத் திருத்தினார்கள். அதன் பிறகு பழுது கண்டறியும் நிரலின் அளவுகோலை நிஜத்துக்கு நெருக்கமாக்கினார்கள். கடைசியாக, மீட்பு முறைக்குள் போய்விட்டாலும் குருட்டாம்போக்கில் ஓட்டாமல், நம்முடைய நாவிக் செயற்கைக்கோள்கள் தரும் இடத்தகவலை வைத்துப் பாதையைத் திருத்திக்கொள்ள வழிசெய்தார்கள். இந்தக் கடைசி மாற்றம்தான் என் கணக்கில் பெரிசு. முடுக்கமானி அதிர்வில் பொய் சொல்லலாம். நாவிக் சமிக்ஞைக்கு அந்தத் தட்டின் ஆட்டத்தோடு உறவே இல்லை. சாட்சிகள் வேறு வேறு ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்பது இதுதான். 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாம் எஸ்.எஸ்.எல்.வி. மூன்று செயற்கைக்கோள்களை 450 கிலோமீட்டரில் கொண்டுபோய் விட்டது, அதில் ஆசாதிசாட்-2 ஒன்று. 2024 ஆகஸ்ட் 16-ல் மூன்றாவதும் வெற்றி.

இதில் குலசை எங்கே வருகிறது என்றால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் நேராகப் போனால் இலங்கைக்கு மேல் போகும். அதனால் கிழக்கே ஒதுங்கிப் போய்ப் பிறகு வளைய வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. பி.எஸ்.எல்.வி.க்கு அது தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி சின்ன ராக்கெட்டுக்குச் சுமையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் கடல் மட்டும்தான், நேராகப் போகலாம்.

எஸ்.எஸ்.எல்.வி.யைத் தயாரிக்கும் உரிமை 2025-ல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று செய்தியில் ஒரு வரியாக வந்தது. வரைபடங்களைக் கொடுக்கலாம், நிரலைக் கொடுக்கலாம், சோதனை முறைகளைக் கொடுக்கலாம். என் தொழிலில் பழைய ஆள் போய்ப் புது ஆள் வரும்போது தொலைவது இவை எதுவும் இல்லை. ஒரு எண் ஏன் அந்த எண்ணாக இருக்கிறது என்ற காரணம்தான் முதலில் தொலையும். புது ஆள் வருவார், தட்டின் எடையைக் குறைக்கலாமே என்பார், குறைப்பார், நல்ல வேலைதான். தட்டு இப்போது வேறு அதிர்வெண்ணில் ஆடும். பழுது கண்டறியும் நிரலில் இருக்கும் அந்த ஒரு வரி எண் பழைய தட்டுக்காகப் போட்டது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மருமகனுக்கு அடுத்த செமஸ்டரில் புராஜெக்ட் இருக்கிறது. ஒரு சின்ன மோட்டாரையும் முடுக்கமானி ஒன்றையும் ஒரே பலகையில் திருகி, மோட்டாரில் வேண்டுமென்றே எடையைக் கோணலாக மாட்டி ஆட்டிவிட்டு, முடுக்கமானி கெட்டதா பலகை ஆடுகிறதா என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஐநூறு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நிரலில் போடுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏன் என்று தமிழிலேயே எழுதி அனுப்பு என்றும் சொன்னேன். முதல் பதிப்பு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. "காத்திருக்கும் நேரம் 50" என்று இருந்தது, பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.